ஊர் பார்த்தலும் ஊரில் தங்குதலும்

நம் கல்லூரியில் ஆண்டுதோறும் தைப்பொங்கல் கழிந்தபின் மாணாக்கர் குழுக்கள் சுற்றுப்பிரயாணம் புறப்படுவது நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கத்தைக் குறைகூற யாம் வந்தேமல்லேம். வகுப்பறையின் நான்கு சுவர்க்கு வெளியே நாடு ஒன்று உளது என்பதை இளைஞர் தங் கண்ணாற் காண்பது நன்றே. ஆயின் அவ்வழக்கம் நாளடைவில் எய்தியுள்ள உருவத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லாதிருத்தல் எம்மால் இயலவில்லை. ஒரு பகலில் ஏழிடம் என்பது இப்போது கணக்காகிவிட்டது. வைகறை நான்கு மணிக்குப் பஸ் புறப்படும். காலையுணவு ஓரூரில், கோவில் ஓரூரில், அணை ஓரூரில், பறவைகள் ஓரூரில். நள்ளிரவில் விடுதி வாயிலில் வண்டி வந்து நிற்கும். இறங்குவோரைக் கேட்டால் எத்தனை இடம் பார்த்தோம் என்று விரல்விட்டு எண்ணிச் சொல்வர்; எதைப் பார்த்தோம் என்று சொல்லத் தயங்குவர்.

இதில் யாமும் குற்றவாளியே. சென்ற ஆண்டு அத்தகைய பிரயாணம் ஒன்றிற்கு யாமே தலைமை தாங்கிச் சென்றோம். கங்கைகொண்ட சோழபுரத்திற்கு ஒதுக்கிய நேரம் நாற்பது நிமிடம். அதில் பாதரட்சைகளை வைக்கவும் மீளத் தேடி எடுக்கவும் பத்து நிமிடம் சென்றது. கைப்பேசியிற் படம் எடுப்பதில் இருபது சென்றது. எஞ்சிய பத்தில் இராசேந்திர சோழன் வரலாறு முழுதும் யாம் சொல்லி முடித்தோம். அங்குச் செல்லும் வழியில், விருத்தாசலத்தைக் கடந்து சிறிது தொலைவு சென்றதும், ஒரு பெயர்ப்பலகையைக் கண்ட மாணாக்கன் ஒருவன், “ஐயா, ஆண்டிமடம் என்று எழுதியிருக்கிறதே, இவ்வூரில் என்ன இருக்கிறது?” என்று கேட்டான். மற்றையோர் உறங்கிக்கொண்டிருந்தனர். “இங்கு ஒன்றுமில்லை” என்று விடையிறுத்தோம். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவ்விடை எம்மைப் பல நாள் உறுத்திற்று. தெரியாததைத் தெரியாது என்னாது, இல்லை என்று சொன்னோம். ஆசிரியர்க்கு இதினும் பெரிய பிழை வேறில்லை.

ஆதலின் அடுத்த சித்திரையில், பதினொரு மாணாக்கருடன், ஏழிடத்தை விட்டு ஓரிடமாக, ஒரு நாளை விட்டு மூன்று நாளாக ஆண்டிமடத்திற்கே சென்றோம். எம் மாணாக்கருள் ஒருவனுடைய தாய்மாமன் வீட்டுத் திண்ணையும் கூடமும் எமக்கு விடுதியாயின.

ஆண்டிமடம் அரியலூர் மாவட்டத்தின் வடகிழக்கில், விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் செல்லும் சாலையிலுள்ள சிற்றூர். மாவட்டம் என்னும் பெயர் 2001-இல் வந்து, 2002-இல் மறைந்து, 2007-இல் மீண்டும் வந்தது. செம்மண் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. வண்டியிலிருந்து பார்ப்பவர்க்குத் தோன்றுவன ஒரு கடைத்தெரு, பஸ் நிற்குமிடம், தாலுகா அலுவலகம், முந்திரிப் பருப்பு விற்குங் கடைகள், அவ்வளவே. பெயரோ ஆண்டிக்கும் மடத்துக்கும் உரியது. வழிப்போக்கன் தங்குமிடத்தின் பெயரைத் தாங்கிய ஊரைத் தங்காமற் கடந்துபோனோமே என்று எம்முள் நகைத்துக்கொண்டோம்.

சித்திரையில் அவ்வட்டாரம் செல்வோர் முதலில் அறிவது மணம். காடு கண்ணிற்குப் புலப்படுமுன்னே, உதிர்ந்து கிடக்கும் முந்திரிப் பழத்தின் புளித்த நெடி மூக்கை எட்டும். தோப்பு என்று யாம் சொல்ல, காடு என்று ஊரார் திருத்தினர். காவிரிப் பாய்ச்சல் எட்டாத மேட்டுநிலம் அது. அச்செம்மண்ணில் தாழக் கிளைத்துப் பரந்து நிற்கும் முந்திரிமரங்களின் நிழலில், மஞ்சளும் சிவப்புமாகப் பழங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு பழத்தின் அடியிலும் கொட்டை வெளியே தொங்குகின்றது. பெண்டிரும் சிறுவரும் பழத்தைத் திருகிக் கொட்டையைக் கூடையில் இடுகின்றனர். பழம் பெரும்பாலும் மண்ணுக்கே போகிறது. உப்பிட்டு உண்டு பார்த்தோம். இனிப்புத்தான், ஆயினும் தொண்டையில் ஒரு கரகரப்பு மாலைவரை நின்றது.

இம்மரம் தமிழ்நாட்டுக்குப் பிற்காலத்து விருந்தாளி. பிரேசில் நாட்டிலிருந்து போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் இந்தியக் கரைக்குக் கொணர்ந்தனர். பெயரும் இரவல். திராட்சைக்குக் கொடிமுந்திரி என்னும் பழம்பெயர் உண்டு என்பதை நம் பழைய வேத புத்தகங்களைப் புரட்டியவர் அறிவர். அஃதன்றியும் முந்திரி என்பது நம் முன்னோர் கணக்கில் ஒரு பின்னம். ஒன்றை 320 கூறிட்டால் அவற்றுள் ஒரு கூறு. சோழர் காலத்து நிலவளவைக் கல்வெட்டுக்களில் முந்திரிகை என வருவது அதுவே. இதில் ஒரு வேடிக்கை: இக்காலத்து வாணிகர் பருப்பை எண்ணித் தரம் பிரிக்கையில் மிகுதியாய் வழங்கும் தரத்தின் பெயரும் 320-ஏ, ஒரு பவுண்டு நிறைக்கு ஏறக்குறைய அத்தனை முழுப்பருப்பு நிற்கும் என்பது பொருள். இது தற்செயல், சொல்லாராய்ச்சி செய்வோர் இதனை நம்பி நூல் எழுதற்க. கணித வகுப்பு மாணாக்கன் இப்பின்னத்தை விளக்கக் கேட்ட வீட்டுப் பெரியவர் வாய்விட்டுச் சிரித்து, “அந்தக் கணக்கு இன்னும் மாறலை தம்பி. பட்டணத்துல விக்கிற விலையில எங்க கைக்கு வர்றது ஒரு முந்திரிதான்” என்றார்.

அவர் மிகைப்படுத்திக் கூறினார் என்பதில் ஐயமில்லை. ஆனால் உடைக்கும் பெண்டிரின் கைகளைப் பார்த்தபின் அந்நகைப்பு எமக்கு எளிதாக வரவில்லை. முந்திரிக் கொட்டையின் ஓட்டுக்குள் ஒரு காரமான எண்ணெய் உளது. ஊரார் அதனைப் பால் என்கின்றனர். பட்ட இடம் வெந்து தோலுரியும். அதனாற் சாம்பலைக் கையிற் பூசிக்கொண்டு உடைக்கின்றனர். ஆயினும் விரல்நுனி கறுத்துப் போவதைத் தடுக்க இயலவில்லை. பருப்பு உடையாமல் முழுதாக வரவேண்டும். உடைந்தால் விலை தாழும். குருணையானால் இன்னுந் தாழும். மெல்லிய உள்தோலைக் கீறல் படாமல் உரித்தெடுப்பது மற்றொரு வேலை. யாம் விருந்துகளிற் பாயசத்தில் மிதக்கக் காணும் அவ்வெண்ணிறப் பருப்பின் பின்னே இத்தனை விரல்கள் உள. எச்சரிக்கையைக் கேளாது பச்சைக் கொட்டையைப் பல்லாற் கடித்த எம் மாணாக்கன் ஒருவனுக்கு உதடு வெந்தது. வீட்டுப் பாட்டி தேங்காயெண்ணெய் தடவி, “படிச்ச புள்ளைக்குக் கொட்டையைக் கடிக்கக் கூடாதுன்னு தெரியலையே சாமி” என்று இரங்கினார். மூன்று நாளில் எமக்குக் கிடைத்த விரிவுரைகளுள் அதுவே சுருக்கமானது.

உணவைப் பற்றிச் சொல்லாது விடுவது நன்றிகோறலாகும். காலையிற் கம்பங்கூழும் சின்ன வெங்காயமும். நண்பகலிற் பச்சை முந்திரிப் பருப்பிட்ட குழம்பு. காயாத கொட்டையைப் பிளந்து எடுத்த பருப்பாதலின் அது வறுத்த பருப்பைப் போல் மொறுமொறுப்பாயிராது, இளந்தேங்காய் போல் மெத்தென்றிருக்கும். பலாக்கொட்டையை முருங்கைக்கீரையோடு வதக்கிய கறி ஒன்று. அதனை மறுமுறை கேட்காதார் எம்முள் ஒருவருமில்லை. இவை உணவுச்சாலைகளில் விற்கப்படுவன அல்ல. மரத்தில் உள்ள நாளில் வீட்டில் உண்டு; இல்லாத நாளில் இல்லை. ஏழிடம் செல்லும் பஸ்ஸில் உள்ளவர்க்கு இவை எந்நாளும் இல்லை.

இரண்டாம் நாள் அப்பெரியவரே எம்மை ஜெயங்கொண்டம் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரத்திற்கு அழைத்துச் சென்றார். 1014 முதல் 1044 வரை ஆண்ட முதலாம் இராசேந்திரன் கங்கை வரை படைசெலுத்தியதன் நினைவாக எடுப்பித்த தலைநகர் அது. சோழ அரசு முடிவெய்தும்வரை ஏறக்குறைய 250 ஆண்டு தலைநகராகவே விளங்கிற்று. 160 அடிக்கு மேல் உயர்ந்து, தஞ்சை விமானம் போல் நேர்கோடாக நிமிராது, உள்வளைந்து மேலெழும் விமானத்தைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். யாம் புதிதாக எழுத வேண்டுவதில்லை. தஞ்சைக் கோவில் 1987-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுட் சேர்க்கப்பட்டதும், 2004-இல் இக்கோவிலும் தாராசுரமும் அதனோடு சேர்ந்ததும் யாவரும் அறிந்தனவே. அவற்றை எல்லாம் முன்னாண்டு நாற்பது நிமிடத்திலும் சொல்லியிருந்தோம்.

சொல்லாதது ஒன்று உண்டு. பெரியவர் எம்மை நேரே சந்நிதிக்கு அழைத்துச் செல்லாது, சுற்றுமதில் இருந்த இடத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கே மதிலின் அடித்தளமும் சிதைந்த பகுதிகளுமே காணப்படுகின்றன. 1836-இல் ஆங்கிலேயர் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, இக்கோவிற் கற்களைப் பெயர்த்து அணைக்குக் கொண்டுசென்றனர். பகைவர் படையெடுப்பில் நேர்ந்த அழிவைக் காட்டிலும், நீர்ப்பாசன அதிகாரிகள் நேரிய கணக்குப் போட்டுக் கல் எடுத்தமையால் நேர்ந்த அழிவு கண்முன் தெளிவாக நிற்கின்றது. எனினும் அவ்வணையினால் இன்றும் நிலங்கள் விளைகின்றன. வடவாற்றின் வழியாக வீராணம் ஏரி நீர் பெறுகின்றது. கோவிற் கல்லை எடுத்து அணை கட்டியது தகுமா என்று எம் மாணாக்கர் இருவர் நந்தியின் நிழலில் அமர்ந்து வாதிடத் தொடங்கினர். வயிற்றுக்கு உதவிய கல் வழிபாட்டுக்கு உதவிய கல்லினுங் குறைந்ததன்று என்றான் ஒருவன். மலையிற் கல் இல்லையா, அதை உடைக்கும் கூலியை மிச்சம் பிடித்தனர் என்றான் மற்றவன். கேட்டிருந்த பெரியவர், “ராசாவும் வெறுங்கையோட வரலையே” என்று ஒரு சொல் இட்டார். உண்மைதான். கலிங்கத்திலிருந்தும் சாளுக்கிய நாட்டிலிருந்தும் இராசேந்திரன் படை கொணர்ந்த சிற்பங்கள் இக்கோவிலிலும் அருகிலுள்ள கோவில்களிலும் இன்றும் வழிபடப்படுகின்றன. வென்றவன் கொண்டு வந்தான். பின்வந்தவன் கொண்டு போனான். யாம் படம் எடுத்துக்கொண்டு போகின்றோம். வாதம் ஜெயங்கொண்டம் திரும்பும்வரை ஓயவில்லை. யாம் தீர்ப்புச் சொல்லவில்லை. நாற்பது நிமிடத்தில் அவ்வாதம் பிறந்திராது என்பது மட்டும் திண்ணம்.

மாளிகைமேட்டிலும் சிறிது நேரம் நின்றோம். அரசன் மாளிகை இருந்த அம்மேட்டில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் 1980-களிலும் மீண்டும் 2021 முதலும் அகழ்ந்து செங்கற்சுவர்களையும் கூரையோடுகளையும் இரும்பாணிகளையும் சீனநாட்டுப் பாண்டங்களின் துண்டுகளையும் கண்டெடுத்துள்ளனர். அரசர் குடியிருப்புச் செங்கல். இறைவன் குடியிருப்புக் கருங்கல். முன்னது மண்ணாயிற்று. பின்னர்ப் பொன்னேரிக் கரைக்குச் சென்றோம். சோழகங்கம் என்று இராசேந்திரன் பெயரிட்டு, கங்கைநீரைக் கொணர்ந்து கலந்த ஏரி இது. நீராலான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு இதனைக் குறிக்கின்றது. பிற்காலத்தே கரை உடைந்து, தூர்ந்து, காடு மண்டிக் கிடந்தது. இதனைப் புதுப்பிப்பதாகத் தமிழ்நாட்டு அரசு 2025-இல் அறிவித்துள்ளது. கோவிலுக்கு வரும் ஆயிரவருள் பதின்மரேனும் இக்கரைக்கு வருவதில்லை என்று பெரியவர் கூறினார். ஏரி படத்திற்கு அழகாயிராது போலும்.

இனித் திருவிழாக்கள். இராசேந்திரன் பிறந்த நாள் மார்கழித் திருவாதிரை என்று முன்பு கருதியிருந்தனர். திருவாரூர்க் கல்வெட்டு ஒன்று ஆடித் திருவாதிரை எனத் தெளிவாக்கிற்று. அதுமுதல் ஆடித் திருவாதிரை இவ்வூர்க்குப் பெருவிழா. 2025 ஜூலையில், கடல்கடந்த படையெடுப்பின் ஆயிரமாண்டு நிறைவும் சேர, ஐந்து நாள் விழா நடந்தது. 27-ஆம் நாள் பிரதம மந்திரியும் வந்திருந்தார். ஐப்பசிப் பௌர்ணமியிலோ அன்னாபிஷேகம். மூட்டை மூட்டையாக அரிசி வடித்து, பெருவுடையார் திருமேனி முழுதும் சோற்றால் மூடி வழிபட்டு, பின் அச்சோற்றை வந்தவர்க்கெல்லாம் வழங்குகின்றனர். இவ்விரண்டனுள் எதற்குச் செல்லலாம் என்று எம்மைக் கேட்கும் மாணாக்கர்க்கு அன்னாபிஷேகத்தையே சொல்வோம். ஆடி விழாவிற் செல்பவன் பார்வையாளன். அன்னாபிஷேகத்திற் செல்பவன் பந்தியில் ஒருவன். ஆயினும் இதனைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் ஒப்பவில்லை. “எந்தத் திருநாளுக்கு வந்தா என்ன ஐயா? கோவிலுக்கு வர்றாங்க. ஊருக்கு யார் வர்றாங்க?” என்றார். அவர் வினாவிற்கு விடையாக எம்மிடம் பதினொரு மாணாக்கரே இருந்தனர்.

மூன்றாம் நாள் வரதராசன்பேட்டையையும் தென்னூரையும் கண்டு, அங்குள்ள கிறிஸ்தவக் குடும்பங்களுடன் அளவளாவினோம். ஊர் திரும்பும் வழியிற் கொள்ளிடக் கரைப் பக்கத்து ஏலாக்குறிச்சிக்குச் சென்றோம். அடைக்கல மாதா கோவிலுள்ள அவ்வூரைத் திருக்காவலூர் என்று வீரமாமுனிவர் அழைத்தார். 1680-இல் இத்தாலியில் பிறந்து, முப்பது வயதளவில் தமிழ்நாட்டுக்கு வந்து, 1747-இல் இறக்கும்வரை இந்தியாவிலேயே தங்கியவர். தேம்பாவணி பாடியதும், 1732-இற் சதுரகராதி தொகுத்ததும், ஏகார ஓகார எழுத்துக்களுக்குத் தெளிவான வடிவு தந்ததும் அத்தங்குதலின் பயன். அவரும் ஒரு பகலில் ஏழூர் பார்த்துத் திரும்பியிருந்தால் நமக்கு அகராதி ஏது? அவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையிலே, ஆற்றைக் கடந்த சீடர் தம்மை எண்ணுகையில் ஒவ்வொருவரும் தம்மை விட்டு மற்றையோரை மட்டும் எண்ணி ஒருவன் குறைகின்றான் என்று அழுதனர். பஸ்ஸில் ஏறுமுன் ஒவ்வோரிடத்தும் மாணாக்கரை எண்ணும் போதெல்லாம் எமக்கு அந்நினைவு வருகின்றது. தலைகள் சரியாகவே இருக்கின்றன; வந்தது யார் என்பதிலேதான் ஐயம்.

மற்றொருவரையும் ஈண்டு நினைத்தல் தகும். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் 1855-இற் பிறந்தவர். அவர் தந்தையார் பிழைப்பின் பொருட்டு இவ்வட்டாரத்து ஊர்களில் மாறிமாறித் தங்கினார். அரியலூர்ச் சடகோபையங்காரிடம் இளமையிற் கற்ற தமிழின் சுவையை அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் நன்றியோடு கூறுகின்றார். இச்செம்மண் நாட்டிற்கு வந்து தங்கியவர் வெறுங்கையராய்த் திரும்பவில்லை.

எம் கருத்துக்கு மறுப்பு உண்டென்பதை அறிவோம். செலவு மிகும் என்பர் சிலர். எம் கணக்கில் மிகவில்லை; பஸ் வாடகை குறைந்தது, உணவை வீட்டார் விலைக்கு விற்க மறுத்தமையால் அரிசியும் பருப்பும் வாங்கிக் கொடுத்தோம். மாணாக்கியர் இவ்வாறு தங்குவது எங்ஙனம் என்பர்; இது மெய்யான இடர்; அவ்வூர்ப் பள்ளிகளும் திருச்சபைகளும் விடுமுறையில் தங்கள் கட்டிடங்களைத் தர இசையுமானால் தீரும். ஏழிடம் காணாதவன் மற்ற ஆறிடத்தை எப்போது காண்பது என்பர் வேறு சிலர். சாத்தனூரிற் கல்லாய்க் கிடக்கும் மரத்தையும், கரைவெட்டியில் வந்திறங்கும் பறவைகளையும், அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையில் உறைந்த பழங்கடலின் சிப்பிகளையும் விட்டுவிடச் சொல்கின்றீரா என்று எம் உடனாசிரியர் ஒருவர் வெகுண்டு கேட்டார். விட்டுவிடச் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் ஓராண்டுக்குரியது. கல்லூரி நாளில் மூன்றைக் கண்டால் போதும்; எஞ்சியவற்றைக் காண மாணாக்கர்க்கு வாழ்நாள் உளது.

எம்மை அஞ்சச் செய்யும் மறுப்பு வேறு. எம்மைப் போல் ஆண்டுக்கு ஐம்பது கல்லூரிகள் ஆண்டிமடத்துத் திண்ணைகளை நாடினால் அத்திண்ணை என்னாகும்? பலாக்கொட்டைக் கறிக்கு விலைப்பட்டியல் தொங்கும். பாட்டியின் கறுத்த விரல்களைப் படம் எடுக்க வரிசை நிற்கும். இதற்கு எம்மிடம் முழுவிடை இல்லை. ஆயினும் ஒன்று செய்யலாம். எடுப்பவன் ஏதேனும் இட்டுச் செல்லவேண்டும் என்னும் முறையை வகுக்கலாம். எம் மாணாக்கர் அம்மூன்று நாளில் முந்திரித் தொழிலுக்குரிய சொற்களையும், மரம், மண், மழை ஆகியவற்றைப் பற்றி அவ்வூரார் வழங்கும் சொற்களையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினர். இருநூறுக்கு மேற்பட்டன, நம் அகராதிகளில் இல்லாதனவும் பல. அதனைச் செவ்வையாகப் படியெடுத்து, ஒரு படி அவ்வூர்ப் பள்ளிக்கும் ஒரு படி பெரியவர்க்கும் அனுப்புவதாகச் சொல்லி வந்தோம். இனிப் புறப்படும் குழு ஒவ்வொன்றும் அவ்வாறு ஏதேனும் ஒன்றைச் செய்து ஊரார் கையிற் கொடுத்த பின்னரே அடுத்த பிரயாணத்திற்கு அனுமதி பெறவேண்டும் என்று கல்லூரித் தலைவர்க்கு விண்ணப்பித்துள்ளோம்.

அந்நோட்டுப் புத்தகம் இதனை எழுதும்போது எம் மேசைமேல் இருக்கின்றது. படியெடுக்கும் பொறுப்பை ஏற்றவன் தேர்வு முடியட்டும் என்றான். தேர்வு முடிந்து இரண்டு திங்களாயின. பெரியவரிடமிருந்து நேற்று ஒரு கடிதம் வந்தது. சொற்களைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. உதடு வெந்த பிள்ளைக்கு ஆறிற்றா என்று பாட்டி கேட்கச் சொன்னதாக எழுதியிருந்தார்.